முற்றத்தில் நுழையும் வண்டி

சாலை வண்டிக்கு உரியது. முற்றம் குழந்தைக்கு உரியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணையோ, வேலியோ, வாயிற்படியோ இருப்பது வழக்கம். அந்த எல்லையைக் குழந்தை தாண்டினால் தாய் கூவி அழைக்கிறாள். வண்டி தாண்டினால் அண்டை வீட்டார் அதட்டுகிறார்கள். இந்த எல்லையே இல்லாத ஒரு குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே சாலையும் முற்றமும் ஒன்றே. வீடுகள் சக்கரங்களின்மீது நிற்கின்றன. காலையில் இருந்த வீடு மாலையில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு வீடு வந்து நிற்கிறது. இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் லட்சக் கணக்கான குடும்பங்கள் தங்கள் கோடை விடுமுறையை இத்தகைய முகாம் திடல்களில் கழிக்கின்றன. அங்கே நடப்பவரும் வண்டி ஓட்டுபவரும் ஒருவரால் ஒருவருக்குத் தீங்கு நேராமல் இருப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள்.

முதலில் அந்த வண்டிகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அவற்றை அமெரிக்கர் சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பர். அவற்றுள் இரு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, எஞ்சினும் வீடும் ஒரே உடலாக அமைந்த மோட்டார் வீடு. மற்றொன்று, தனக்கென எஞ்சின் இல்லாமல், காரோ சிறு லாரியோ இழுத்துச் செல்லும் டிரெய்லர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய எல்லாம் இவற்றுள் அடக்கம். பெரிய மோட்டார் வீடு எட்டரை அடி அகலமும் 45 அடி நீளமும் இருக்கக்கூடும். அதன் எடை பத்து டன்னையும் தாண்டும். நகரப் பேருந்தை ஓட்டுபவருக்குத் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் வேண்டும். ஏறத்தாழ அதே அளவுள்ள இந்த வண்டிகள் பலவற்றை, அமெரிக்காவின் பல மாநிலங்களில், சாதாரணக் கார் ஓட்டும் உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். விடுமுறைக்கென இவற்றை வாடகைக்கு எடுத்து, வாழ்நாளில் முதன்முறையாக ஓட்டுவோரும் உண்டு.

மாலை ஐந்து மணிக்கு ஒரு முகாம் திடல் எப்படி இருக்கும்? நாள் முழுதும் வண்டி ஓட்டிக் களைத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்கிறார்கள். சாய்ந்த வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. முன்னரே வந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மிதிவண்டியில் சுற்றுகிறார்கள். ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு நடக்கிறார். வேறொருவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உலாவுகிறார். ஒரு முதியவர் பாதையோரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். எல்லோர் மனத்திலும் ஒரே எண்ணம்: ‘நெடுஞ்சாலையின் தொல்லை தீர்ந்தது, இங்கே அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.’ அபாயம் தொடங்குவது இந்த எண்ணத்தில்தான். நெடுஞ்சாலையில் எல்லோரும் விழிப்போடு இருக்கிறார்கள். முகாமில் எல்லோரும் விழிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். ஆனால் வண்டியின் எடையோ நீளமோ சற்றும் தளர்வதில்லை.

இந்தச் சிக்கல் எவ்வாறு தோன்றியது என்பதை அறியச் சிறிது வரலாறு வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் தொடக்கத்தில் குதிரை வண்டிகளின் உலகமாக இருந்தன. யோசெமிட்டி பூங்கா 1913ஆம் ஆண்டிலும், எல்லோஸ்டோன் பூங்கா 1915ஆம் ஆண்டிலும் மோட்டார் கார்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டன. அதன்பின் வந்த பெருக்கை எவரும் எதிர்பார்க்கவில்லை. மக்கள் காரிலேயே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது முகாமுக்கென்று திட்டமான பாதை இல்லை. நிழல் கண்ட இடத்தில் காரை நிறுத்தினார்கள்; புல்வெளிகளின்மீது ஓட்டினார்கள்; கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே புகுந்து சென்றார்கள். படுத்திருப்பவனின் தலைமாட்டில் சக்கரம் உருண்டது.

இதற்கு ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தவர் போலீஸ் அதிகாரியோ சாலைப் பொறியாளரோ அல்லர். தாவர நோய்களை ஆராய்ந்த ஓர் அறிஞர். அவர் பெயர் மைனெக்கி. கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் பயணிகள் நடமாட்டத்தால் மரங்களுக்கு நேரும் கேட்டை ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டில் அவர் ஓர் அறிக்கை அளித்தார். கார் ஏறி இறங்குவதால் மண் இறுகுகிறது, இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகுவதில்லை, வேர் திணறுகிறது, நூற்றாண்டுகள் வாழ்ந்த மரமும் நலிகிறது. இதுவே அவர் கண்ட உண்மை. 1932ஆம் ஆண்டில் முகாம் திடல்களை அமைக்கும் முறைபற்றி அவர் மற்றொரு நூல் எழுதினார். அதில் சொன்ன வழி மிக எளியது. வண்டி செல்லும் பாதை வளைந்து சுற்றிவரும் ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். ஒருவழி என்பதால் அது குறுகலாக இருக்கலாம்; வெட்ட வேண்டிய மரங்களும் குறையும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்பாதையிலிருந்து சாய்வாகப் பிரியும் ஒரு சிறு கிளை இருக்கட்டும். காருக்கு அதுவே கொட்டகை. வண்டி அந்த இடத்தை விட்டு விலகாதபடி பெரும் பாறைகளையும் மரக் கட்டைகளையும் ஓரத்தில் நிறுத்துங்கள். கார் நிற்குமிடம் ஒன்று, மேசை ஒன்று, அடுப்பு ஒன்று, கூடாரம் ஒன்று என எல்லாவற்றுக்கும் இடம் வகுத்துவிடுங்கள். இவ்வளவே.

1933ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு ஓர் இயற்கைப் பாதுகாப்புப் படையை நிறுவினார். 1942 வரை இயங்கிய அப்படை நாடெங்கும் முகாம் திடல்களை அமைத்தபோது மைனெக்கியின் திட்டமே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. இன்றும் அமெரிக்காவில் எண்ணற்ற முகாம் திடல்கள் இந்த வளையப் பாதையைக் கொண்டே விளங்குகின்றன. அவர் எண்ணியது மரத்தின் வேரை. ஆனால் அவர் திட்டம் மனிதரையும் காத்தது. ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி வராது. ஆகவே நடப்பவர் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும். வளைந்த குறுகிய பாதையில் வேகமாக ஓட்ட எவருக்கும் மனம் வராது. பாறைக்கு உட்புறம் விளையாடும் குழந்தையிடம் வண்டி நெருங்க முடியாது. தரையைப் பார்த்தவுடனேயே இது வண்டியின் இடம், இது காலின் இடம் என்று விளங்கிவிடுகிறது.

ஆயினும் மைனெக்கியின் காலத்துக் கார் சிறியது. உலகப் போருக்குப் பின் டிரெய்லர்கள் பெருகின. பின்னர் மோட்டார் வீடுகளும் பெருகின. 1962ஆம் ஆண்டில் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் டேவ் டிரம் என்பவர் தொடங்கிய முகாம் திடல் ‘கே.ஓ.ஏ.’ என்ற பெயரில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அதுபோலத் தனியார் திடல்கள் பல தோன்றின. தண்ணீர்க் குழாய், மின்சார இணைப்பு, கழிவுநீர்க் குழாய் ஆகியன ஒவ்வொரு மனையிலும் அமைந்தன. வண்டிகள் நீண்டுகொண்டே போயின. பல இடங்களில் பழைய வளைவுகள் அப்படியே இருந்தன.

இனி நாம் ஒரு கேள்வியை நேராக எதிர்கொள்ள வேண்டும். முகாமில் வண்டிகள் ஊர்ந்துதானே செல்கின்றன? ஊர்ந்து செல்லும் வண்டியால் என்ன தீங்கு நேரும்?

நெடுஞ்சாலையில் கேடு விளைவிப்பது பெரும்பாலும் வேகம். முகாமில் கேடு விளைவிப்பது மறைவு. ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடம் ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் உண்டு. சிறு காருக்கே பின்புறத்தில் சில அடிகள் மறைவாக இருக்கும். டிரெய்லரை இழுக்கும் வண்டியிலோ, உட்புறக் கண்ணாடியில் தெரிவது டிரெய்லரின் முன்சுவர் மட்டுமே. பக்கக் கண்ணாடிகள் இரு விலாக்களைக் காட்டுமேயன்றி, டிரெய்லருக்கு நேர் பின்னால் இருப்பதைக் காட்டமாட்டா. அங்கே ஒரு குழந்தை குனிந்து கூழாங்கல் பொறுக்கினாலும், ஒரு பெரியவர் நிமிர்ந்து நின்றாலும், ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றே. வண்டி நடை வேகத்தில் வந்தாலும், பார்க்காமல் வருவது பார்க்காமல் வருவதுதான்.

இது வெறும் அச்சமன்று. கணக்கும் இதையே சொல்லுகிறது. கார், சிறு லாரி போன்ற இலகு வண்டிகள் பின்னோக்கி வரும்போது அடிபட்டு ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கின்றனர், 15,000 பேர் காயமடைகின்றனர் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014ஆம் ஆண்டில் கணக்கிட்டது. இறந்தவருள் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 26 பேர் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்கள். இது முகாம்களுக்கு மட்டும் உரிய கணக்கன்று. நாடு முழுவதற்கும் உரியது. ஆனால் குழந்தைகளும் முதியவர்களும் மிகுதியாகக் கூடுமிடம் எது? பின்னோக்கிச் செலுத்துதல் நாள்தோறும் நடக்குமிடம் எது? முகாம் திடலை இவ்விரண்டுக்கும் விடையாகச் சொல்லலாம்.

2002ஆம் ஆண்டில் ஒரு தந்தை தம் வீட்டு வாயிலில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, தம் இரண்டு வயது மகனின்மீதே ஏற்றிவிட்டார். குழந்தை இறந்தது. அந்தத் தந்தையும், அவரைப்போல் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிற பெற்றோரும் விடாது முயன்றதன் பயனாக, அக்குழந்தையின் பெயராலேயே 2008ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி வகுத்த விதி, 2018 மே முதல் நாளிலிருந்து விற்பனைக்கு உருவாகும் ஒவ்வொரு புதிய இலகு வண்டியிலும் பின்புறத்தைக் காட்டும் காமிரா இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள பரப்பை அது காட்ட வேண்டும். ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த விதி 10,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ நாலரை டன்னுக்கு உட்பட்ட மோட்டார் வண்டிகளுக்கே உரியது. பெரிய மோட்டார் வீடுகள் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. டிரெய்லரும் இதில் அடங்காது. இழுக்கும் லாரியில் காமிரா இருந்தாலும் அது டிரெய்லரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் உற்பத்தியாளரோ உரிமையாளரோ தாமாகவே காமிரா பொருத்துகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் மறைவு மிகப் பெரிதாக உள்ள வண்டிக்குச் சட்டத்தின் கண் இன்னும் எட்டவில்லை. அந்தக் குறையை மனிதனின் கண்தான் நிரப்பியாக வேண்டும்.

மறைவுக்கு அடுத்தது திருப்பம். நீண்ட வண்டி ஒரு மூலையில் திரும்பும்போது, முன் சக்கரம் சென்ற தடத்தில் பின் சக்கரம் செல்வதில்லை. மூலையை ஒட்டி உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். மூலையில் நிற்பவர், ‘வண்டியின் முகம் என்னைக் கடந்துவிட்டது’ என்று எண்ணி முன்னே வந்தால் பின் சக்கரத்தின் வழியில் நிற்பார். இதற்கு நேர்மாறான மற்றொன்றும் உண்டு. பின் அச்சுக்கும் அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி, வண்டி இடப்புறம் திரும்பும்போது வலப்புறமாக வீசும். பக்கத்தில் நிற்பவர் வண்டி தம்மை விட்டு விலகுகிறது என்று எண்ணும் அதே கணத்தில், வால் அவரை நோக்கி வருகிறது. ஒரு நீண்ட அளவுகோலை மேசைமீது வைத்து, நடுவில் விரலால் அழுத்தி, ஒரு முனையை நகர்த்திப் பாருங்கள். மறுமுனை எத்திசையில் போகிறது என்பது விளங்கும்.

வேகத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. முகாம்களில் மணிக்கு 5 மைல், 10 மைல், 15 மைல் என்று வேக எல்லைகள் எழுதியிருப்பதைக் காணலாம். 5 என்பது ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 15 என்பது 24 கிலோமீட்டர். இரண்டும் மெதுவானவைதாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒருவருக்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். 5 மைல் வேகத்தில் வண்டி அதற்குள் 11 அடி சென்றுவிடும். 15 மைல் வேகத்தில் 33 அடி சென்றுவிடும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்று மடங்கானால் அத்தூரம் ஒன்பது மடங்காகும். சரளைத் தரையில் 5 மைல் வேகத்துக்கு அது 2 அடி என்றால், 15 மைல் வேகத்துக்கு 18 அடி. ஆக, மெதுவாக வந்த வண்டி 13 அடியில் நிற்கும். மற்றது 51 அடியில்தான் நிற்கும். நிற்கும் வண்டி ஒன்றின் மறைவிலிருந்து ஒரு சிறுவன் 30 அடித் தொலைவில் ஓடி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டிக்கு முன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். இரண்டாம் வண்டியோ, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அவனை அடைந்துவிடும். வேக எல்லைப் பலகையில் எழுதிய ஓர் இலக்கத்துக்கு எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள்!

இனிப் பாதுகாப்பு முறைகளைக் காண்போம். அவற்றை ஓட்டுநரின் கடமை, நடப்பவரின் கடமை, திடலை அமைப்பவரின் கடமை என மூன்றாகப் பகுக்கலாம்.

ஓட்டுநரின் முதற் கடமை இறங்கிப் பார்ப்பது. தன் மனைக்குள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துமுன், வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றி நடந்து, தரையையும் மேலே கிளைகளையும் பார்த்தல் வேண்டும். அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் இதற்கு வெட்கப்படுவதில்லை. அடுத்த கடமை, வழிகாட்டும் துணைவர் ஒருவரை நிறுத்திக்கொள்வது. டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துவது எளிய கலையன்று. சக்கரத்தை வலப்புறம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்புறம் போகும். புதியவர் குழம்பிப்போவார், துணைவர் கூவுவார், ஓட்டுநர் பதிலுக்குக் கூவுவார். மாலை வேளையில் முகாம்வாசிகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது என்று அமெரிக்கர் நகைப்பதுண்டு. ஆனால் அந்தக் கூச்சலினிடையே கவனம் சிதறுவது நகைப்புக்கு உரியதன்று. ஆகவே, வண்டி அசையுமுன்பே இருவரும் கைச் சைகைகளைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டுபவர் ஒருவரே, பலர் கூடாது. ஆனால் ‘நில்’ என்ற சைகையை எவர் காட்டினாலும் நிறுத்த வேண்டும். வழிகாட்டுபவர் எப்போதும் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி, வண்டியின் வழிக்கு வெளியே நிற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மணிமுடியாக ஒரு விதி உண்டு: வழிகாட்டுபவர் கண்ணில் படவில்லையென்றால், அந்தக் கணமே வண்டி நிற்க வேண்டும்.

டிரெய்லரை இணைக்கும்போதும் கழற்றும்போதும், அசைந்துகொண்டிருக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே எவரும் நிற்கலாகாது. கழற்றுமுன் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தல் வேண்டும். சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவே இருந்தாலும் சக்கரத்துக்குத் தெரியும். இருட்டிய பின் வந்து சேர்ந்தால், முன்னோக்கியே நுழைந்து முன்னோக்கியே வெளியேறக்கூடிய மனையைக் கேட்டுப் பெறுவது நன்று.

நடப்பவரின் கடமைகள் சில. பின்னோக்கி வரும் வண்டிக்குப் பின்னால் ஒருபோதும் குறுக்கே செல்லாதீர்கள். அது நகர்ந்து முடியும்வரை காத்திருங்கள். ஓட்டுநரின் முகத்தை உங்களால் காண முடியவில்லையென்றால் அவராலும் உங்களைக் காண முடியாது என்று கொள்ளுங்கள். வானத்து விண்மீன்களைக் காண்பதற்காகவும் அமைதிக்காகவும் பல முகாம்களில் விளக்குகளைக் குறைத்தே வைக்கிறார்கள். ஆகவே இரவில் நடப்பவர் கையில் ஒரு டார்ச் விளக்கு இருத்தல் வேண்டும். அது தமக்கு வழி காட்டுவதோடு பிறருக்குத் தம்மையும் காட்டும். வண்டி அசையும் நேரத்தில் குழந்தைகளைச் சும்மா ‘தள்ளிப் போ’ என்பது போதாது. எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்து, தலைகளை எண்ணிவிட்டு, பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். தனியார் திடல்கள் பலவற்றில் கோல்ப் வண்டிகள் ஓடுகின்றன. ஓசையின்றி ஓடும் மின் வண்டியைச் சிறுவர்கள் பொம்மையென்று எண்ணிவிடுகிறார்கள். உரிமம் பெற்றவரே அதை ஓட்டலாம் என்று பல திடல்கள் விதி வகுத்திருப்பது முற்றிலும் நியாயமே.

திடலை அமைப்பவரின் கடமைதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. மனிதன் களைப்பான், மறப்பான், அவசரப்படுவான். தரையின் அமைப்பு களைப்பதுமில்லை, மறப்பதுமில்லை. குளியலறையும் விளையாட்டுத் திடலும் வளையத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதைக் கொண்டே, ஒரு குழந்தை நாளைக்கு எத்தனை முறை பாதையைக் கடக்கும் என்று சொல்லிவிடலாம். அவற்றுக்குத் தனி நடைபாதை அமைத்தால் அந்த எண்ணிக்கை குறையும். மூலைகளில் புதர்களைத் தாழ்வாக வெட்டி வைத்தால் வருபவரும் நடப்பவரும் ஒருவரையொருவர் காண்பர். வேகத்தடை, வளைவு, குறுகல் ஆகியவை பலகையைவிட வலிமையுள்ளவை. முன்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியேறும் மனைகளை நீண்ட வண்டிகளுக்கு ஒதுக்கினால், பின்னோக்கிச் செலுத்தும் தேவையே குறைந்துவிடும். செய்யத் தேவையில்லாத செயலில் விபத்து நேராது.

இம்முறைகள் யாவும் ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை என்பது உங்களுக்கு இப்போது புலனாகியிருக்கும். மனிதன் உண்டு, உறங்கி, குழந்தைகளோடு விளையாடும் இடத்தில் வண்டி ஒரு விருந்தாளி. விருந்தாளி மெல்ல நுழைய வேண்டும். வீட்டாரைப் பார்த்து நுழைய வேண்டும். தனக்குக் காட்டிய இடத்தில் அமர வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மைனெக்கி என்ற அறிஞர் மரத்தின் வேரை முன்னிட்டு அந்த இடத்தை வண்டிக்குக் காட்டிவைத்தார். வேரினால் ஓடி ஒதுங்க முடியாது. ஆகவே அதற்காக வண்டியே ஒதுங்க வேண்டும் என்றார். தன் உயரத்துக்கும் மேலான சக்கரத்தின் பின்னால் குனிந்து கூழாங்கல் பொறுக்கும் இரண்டு வயதுக் குழந்தையும் ஓடி ஒதுங்க அறியாதது.

மாணவர்களாகிய உங்களுள் சிலர் நாளை வண்டி ஓட்டுவீர்கள், சிலர் பாதை அமைப்பீர்கள், எல்லோரும் நடப்பீர்கள். வண்டியும் மனிதனும் ஒரே தரையைப் பகிர்ந்துகொள்ளும் எந்த இடத்திலும், எஞ்சினை இயக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றி வருவதற்கு அரை நிமிடமே ஆகும். அந்த அரை நிமிடத்தை ஈய எவரும் தயங்க வேண்டியதில்லை.